வைக்கோல் சுற்றிய வீடு

முதல் சூளையை அணைத்த வாரத்தில், பீங்கான் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த தெருவில் தொழிலாளர் வீடுகள் எல்லாம் ஒரு சாண் சுருங்கின. யாருக்கும் காயமில்லை, சுவரில் விரிசல் இல்லை, அலமாரியில் அடுக்கியிருந்த தட்டுகூட உருளவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள் வாசல் நிலையில் வரிசையாக நெற்றியை இடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். “நேத்து வரைக்கும் இடிக்கலையே?” என்று ஒருவர் உள்ளே திரும்பிக் கேட்டார். “நீங்க வளந்திருப்பீங்க” என்றாள் மனைவி. “இந்த வயசுலயா?” “ஆமா, அது ஒண்ணுதான் உங்ககிட்ட குறைச்சல்.” மதியத்துக்குள் தையற்காரர் தன் நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அளந்து பார்த்து, யாருக்குக் கூலி எந்த அளவுக்குக் குறைந்ததோ அந்த அளவுக்கு அவர்கள் வீடும் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. தையற்காரரின் சொந்த வீடு அப்போது அப்படியே இருந்தது. பழைய சட்டையை வைத்தே சமாளிக்கலாம் என்று தெருக்காரர்கள் முடிவெடுக்கச் சில மாதங்கள் ஆயின. அதன் பிறகு அதுவும் சுருங்கியது. டீக்கடைக்காரர் வீடுதான் கடைசி. மற்ற எல்லாவற்றையும் விட்டுப் பார்த்த பிறகுதான் மனிதர்கள் டீயை விடத் துணிகிறார்கள்.

தபால்காரரும் பள்ளி ஆசிரியையும் அந்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். பீங்கான்காரர்கள் போகவில்லை. அவர்களுக்கு மண்ணைப் பற்றித் தெரியும், அதுதான் வினையாயிற்று. களிமண் கூழை அச்சில் ஊற்றினால் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் வாஷ்பேசின் அச்சை எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகச் செய்வார்கள். ஆனால் ஒரு முறை சுட்டு எடுத்த பீங்கான் அதன் பிறகு உடையுமே தவிர, ஒரு நூல்கூடச் சுருங்காது. அந்தத் தெருவின் சுவர்கள் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட சுட்ட கற்களால் எழுப்பியவை. “சுருங்க வேண்டியது சுருங்கியாச்சு. இனிமே அசையாது” என்று அச்சுப் பிரிவு மேஸ்திரி சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். போன ஒரு சாணை ஈடுகட்ட, கையில் இருந்த சேமிப்பைப் போட்டுப் பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டினார்கள். தெரு முழுக்க ஒரே நேரத்தில் கட்டடவேலை நடந்ததால், வெளியூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி ஊர் செழித்துவிட்டதென்று நினைத்து நாற்காலி விற்க வந்து, ஒன்றுகூட விற்காமல் திரும்பிப் போனார். அடுத்த வருடம் இரண்டாவது சூளையை அணைத்தார்கள். கூட்டிக் கட்டிய அறையும் சேர்ந்து சுருங்கியது.

இதற்குள் சில விவரங்கள் பிடிபட்டிருந்தன. வாசலைத் தாண்டாத பொருள் வீட்டோடு சேர்ந்து சுருங்கும். கட்டில், கண்ணாடி, கடிகாரம், பானை, டம்ளர் எல்லாம் அந்த வகை. வெளியே போய்வரும் குடை, சைக்கிள், செருப்பு, மனிதர்கள் இவை அப்படியே இருக்கும். பானை சுருங்கியதால் சமையலும் சுருங்கியது. வாங்கக் கையில் இருந்ததும் அவ்வளவுதான் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை அடியோடு போனால் வீடு ஒரே ராத்திரியில் செருப்புப் பெட்டி அளவுக்கு இறங்கிவிடும் என்பதும் தெரிந்தது. ஆகவே வேலை போன அன்று சாயங்காலமே குடும்பம் முழுதும் வெளியே வந்து பாயை விரித்து உட்கார்ந்துவிடுவது பழக்கமாயிற்று. சாயம் கலக்குகிறவருக்கு வேலை போனபோது அவருடைய பூனையை மறந்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து வாசல்படி இறங்காத சோம்பேறிப் பூனை அது. மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகக் கட்டைவிரல் அளவில் குதித்து வெளியே வந்தது. பிறகு அவருக்குப் பக்கத்து ஊர் ஆலையில் வேலை கிடைத்து வீடு பழையபடி எழும்பியும்கூட, பூனை கட்டைவிரல் அளவிலேயே நின்றுவிட்டது. சுருங்கிய நிலையில் வெளியே வந்தால் வந்த அளவுதான் கடைசிவரைக்கும் என்று தெரு அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

தெருவின் நடுவில் இருந்த வீட்டில் நான்கு பேர். அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற அச்சுக்காரன்; பேசினுக்கு மெருகு பூசுகிற அவன் மனைவி, அவளை மெருகுக்காரி என்பார்கள்; பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள்; அச்சுக்காரனின் அப்பா. அப்பா முதல் சூளையைப் பற்றவைத்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அதற்குத் தீ போட்டவர். ஊரில் அவரைச் சூளையார் என்றுதான் சொல்வார்கள். எங்கே போனாலும் அந்தச் சூளையின் புகைபோக்கி கண்ணில் படும்படியான ஊர் அது. அதை அணைத்த அன்று அவர் போய்க் கையை வைத்துப் பார்த்தார்; செங்கல் குளிர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, “இனிமே இந்த வாசப்படியைத் தாண்ட மாட்டேன்” என்றார். “கோவம் ஒரு வாரம் தாங்கும்” என்றான் மகன். “உங்க அப்பா கோவம் தானே, ரெண்டு வாரம் வச்சுக்கோங்க” என்றாள் மருமகள். இரண்டு பேருமே தப்புக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது சூளைக்குப் பிறகு அச்சுக்காரன் ஜன்னலுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டுதான் தூங்க முடிந்தது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவன் கால் பெருவிரலைத் தட்டி, “எழுந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மகள் வளர்ந்துகொண்டிருந்தாள், வீடு குறைந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததில் அவள் வாசலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். சூளையாருக்கு மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. கட்டில் அவருக்குச் சரியாக இருந்தது, டம்ளர் கைக்கு அடக்கமாக இருந்தது, கதவு இடிக்கவில்லை. அவருக்குப் பட்ட குறை வேறு. “ஏம்மா, நீங்க எல்லாம் ஏன் இப்படி வளந்துக்கிட்டே போறீங்க? அந்தப் பொண்ணு சரி, வயசு. இவனுக்கு என்ன கேடு?” என்று மருமகளைக் கேட்டார். வயதான மனிதர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டார்கள். துணி விஷயத்தில்தான் உண்மை வெளியே வந்தது. அவருடைய சட்டையைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போட்டு எடுத்து வருவது மெருகுக்காரி. வெளியே போய்வரும் பொருளாதலால் சட்டை பழைய அளவிலேயே இருந்தது. ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு, கை முழுதும் உள்ளே மறைய, அவர் எழுந்து நின்றார். “துவைச்சா துணி சுருங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ துவைச்சா மட்டும் எப்படிம்மா பெருசாவுது?” என்றார். அவள் சிரிக்க வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். மாமனார் அவள் இடுப்பு உயரம்தான் இருந்தார்.

அச்சுக்காரன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடப் போனான். அவள் குறுக்கே நின்று தடுத்தாள். “பூனையை மறந்துட்டீங்களா? இப்ப வெளியே கொண்டு போனா கடைசிவரைக்கும் இப்படியேதான் இருப்பாரு.” “உள்ளயே விட்டா?” “வீடு பெருசானா அவரும் பெரியவராவாரு. முழுசா ஆனப்புறம் ஒரு தடவை வெளியே வந்துட்டா போதும்.” “வீடு எப்படிப் பெருசாகும், கூலி ஏறுமா?” தொழிற்சாலையின் மேலதிகாரியின் பங்களாவே அந்த வருடம் ஒரு மாடி இழந்திருந்தது. சூளையார் கட்டிலில் உட்கார்ந்தபடி, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் தெரியாதவர்போல, “யாரு எங்க வேணா போங்க. நான் இந்த வீட்டை விட்டு வர்றதா இல்லை” என்றார்.

வீட்டைப் பெரிதாக்கும் வழி எதிரிலேயே இருந்தது. எதிர்வீட்டுக்காரியின் கணவன் மூன்றாவது சூளை அணையும் முன்பே கப்பல் வேலைக்குப் போனவன். அவன் அனுப்ப அனுப்ப அந்த வீடு ஊதிக்கொண்டே போயிற்று. கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக எதிர்வீட்டுக்காரி சைக்கிள் வாங்கினாள். “அடுப்படியிலேர்ந்து நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள, வந்தவங்க கதவைத் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க” என்று பெருமையாகவும் கொஞ்சம் அழுகையாகவும் சொல்வாள். பேசினால் எதிரொலி வந்தது. “சாப்பிட்டியா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டால் சுவர் “சாப்பிட்டியா?” என்று திருப்பிக் கேட்கும். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பேச்சுத்துணை ஆயிற்று.

மூன்றாவது சூளையும் அணைந்து மெருகுக்காரிக்கு வேலை போன மாதத்தில், அவளுடைய அக்கா துறைமுக நகரத்திலிருந்து போனில் கூப்பிட்டாள். அங்கே மீன் டப்பாத் தொழிற்சாலையில் பெண்களை எடுக்கிறார்கள், ஐஸ் ஏற்றும் வேலைக்கு ஆண்களையும் அவ்வப்போது எடுக்கிறார்கள், வருவதானால் உடனே வா என்றாள். அன்று குடும்பம் வாசலில் உட்கார்ந்து பேசிற்று, உள்ளே உட்கார இடமில்லை. “நான் மட்டும் போறேன். அனுப்புறேன். எதிர்வீடு மாதிரி நம்ம வீடும் ஏறும், மாமா பழையபடி ஆயிடுவாரு. அப்புறம் எல்லாரும் வாங்க” என்றாள் மெருகுக்காரி. “அவரு பழையபடி ஆனா, வரமாட்டேன்னு சத்தமாச் சொல்லுவாரு, அவ்வளவுதான் வித்தியாசம்” என்றான் அச்சுக்காரன். “அம்மா போனா நானும் போவேன்” என்றாள் மகள். “நீ போனா பள்ளிக்கூடம்?” “அங்க பள்ளிக்கூடம் சுருங்காம இருக்குமில்ல?” கடைசியில் மெருகுக்காரி தனியாகப் போவது என்று முடிவாயிற்று. அவள் பெட்டி கட்டினாள். அந்த இரண்டு நாளும் யாரும் யாரையும் திட்டவில்லை. அதிலேயே விஷயம் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் எதிர்வீட்டுக் கப்பல்காரன் லீவில் வந்து சேர்ந்தான். சொல்லிக்கொள்ளலாம் என்று மெருகுக்காரி அங்கே போனாள். எதிர்வீட்டுக்காரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். “எங்க உங்க வீட்டுக்காரர்?” என்று கேட்டதற்கு அடுப்படியைக் காட்டினாள். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில், பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கும் மூலையில், முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கப்பலில் அவனுக்கு இருந்த படுக்கை அவ்வளவுதான். இந்தப் பெரிய கூடத்தில் படுத்தால் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. “வந்ததிலேர்ந்து இப்படித்தான்” என்று எதிர்வீட்டுக்காரி கிசுகிசுத்தாள். “இவரு சம்பாதிச்ச வீட்ல இவருக்குப் பிடிச்ச இடம் அந்த மூலைதான் அக்கா. நான் பக்கத்துல படுக்கலாம்னா அங்க எனக்கு இடமில்ல.” தூரத்துச் சுவர் “இடமில்ல” என்றது. மெருகுக்காரி வீட்டுக்கு வந்து, கட்டிய பெட்டியை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். “போனா எல்லாரும் போறோம். இல்லாட்டி ஒருத்தரும் போக வேண்டாம்” என்றாள். “அப்பாவை?” என்றான் அவன். “அவரும்தான்.” “அவரு வீட்டை விட்டு வரமாட்டாரே.” “அவரை யாரு வீட்டை விட்டு வரச் சொன்னது?” என்றாள் அவள்.

கடைசிச் சூளை அணைய அதிக நாள் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் அச்சுக்காரன் தன் உளியையும் கரண்டியையும் தொழிற்சாலையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தான். தெரு முழுக்க வெளியே பாய் விரித்திருந்தார்கள். பொங்கிய பால் அடங்குவதுபோல வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நடுவீடும் இறங்கிற்று. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்து நின்றதும், உள்ளே கடிகாரம் அடிக்கும் சத்தம் பூச்சி சத்தம்போலக் கேட்டது. மகள் தரையில் படுத்து ஜன்னலில் காதை வைத்தாள். “தாத்தா திட்டறாரு” என்றாள். “யாரை?” “அப்பாவை.” “அப்ப நல்லாத்தான் இருக்காரு” என்றாள் மெருகுக்காரி.

அந்தத் தெருவில் அதுவரை யாரும் செய்யாத ஒரு காரியத்தை அவர்கள் மறுநாள் செய்தார்கள். கிளம்பியவர்கள் எல்லாம் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். ஆளில்லாத வீடு நாளுக்கு நாள் சிறுத்து, கடைசியில் தெருக்கூட்டுகிறவர் அள்ளிப் போட்டுவிடுவார். சாவி மட்டும் வெளியூரில் யாருடைய பையிலாவது கிடக்கும். நடுவீட்டுக்காரர்கள் வீட்டைப் பெயர்த்து எடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் கடப்பாரை கொண்டு வந்தார்கள். அச்சுக்காரன் அதைத் தொடவில்லை. அச்சில் ஊற்றிய பேசினைக் கடப்பாரையால் எடுப்பதில்லை. அச்சைச் சுற்றி மெல்லத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மண் தானே உலர்ந்து, தானே சுருங்கி, அச்சிலிருந்து ஒரு நூல் விலகி நிற்கும். அதற்கு முன் கை வைத்தால் உடையும். அவன் வீட்டைச் சுற்றியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வெயிலில் உட்கார்ந்து காத்திருந்தான். “இன்னும் எவ்வளவு நேரம்? பஸ் போயிடும்” என்றார் தையற்காரர். உள்ளேயிருந்து மெல்லிய குரலில் ஏதோ வந்தது. மகள் கேட்டுச் சொன்னாள்: “பொறுமையா எடுக்கச் சொல்லுறாரு. அப்பாவுக்கு எப்பவுமே கை அவசரமாம்.” வெயில் உச்சிக்கு வந்தபோது அஸ்திவாரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு விழுந்தது. அச்சுக்காரன் இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினான். வீடு ஒரு சின்னச் சத்தத்தோடு, ஈரமான வாய் முத்தம் கொடுத்ததுபோல, தரையை விட்டு வந்தது.

மெருகுக்காரி தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் பேசின்களைக் கட்டும் பிரிவில் இருந்தவள். வைக்கோலைப் பிரித்துத் தட்டையாகப் பரப்பி, வீட்டை நடுவில் வைத்து, நான்கு பக்கமும் மடித்து, கூரைக்கு மேல் ஒரு கொண்டைபோல முடிந்தாள். ஜன்னலுக்கு மட்டும் ஓட்டை விட்டாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார். “என்னம்மா இது?” “வீடு.” “உள்ள ஆள் இருக்கா?” “மாமனார் இருக்காரு.” “அப்ப அவருக்கும் டிக்கெட் எடுங்க.” “மடியில இருக்கிற குழந்தைக்கு டிக்கெட் கேப்பீங்களா?” “குழந்தை அழும், தூங்கும். இது என்னைத் திட்டுதேம்மா.” உண்மைதான், வைக்கோலுக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. கடைசியில் அரை டிக்கெட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். வழியில் ஒரு வளைவில் கடைசியாக அந்தப் புகைபோக்கி தெரிந்தது. மெருகுக்காரி ஜன்னல் ஓட்டையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பஸ் திரும்பியதும் எடுத்தாள்.

துறைமுக நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் அறை. வீட்டை அலமாரித் தட்டில், கடல் தெரியும் பக்கமாக வைத்தார்கள். மருந்து சொட்டும் குழாயில் டீயை எடுத்து ஜன்னல் வழியாக விட்டார்கள். சர்க்கரை போதவில்லை என்று முதல் நாளே புகார் வந்தது. மெருகுக்காரி நாள் முழுக்க மீன் வெட்டினாள், அச்சுக்காரன் ஐஸ் சுமந்தான். இரண்டு பேரும் உழைத்ததற்கு வீடு இரண்டே மாதத்தில் எழும்பிவிடும் என்று நினைத்திருந்தார்கள். அது அப்படி நடக்கவில்லை. அந்த ஊரில் வாடகை ஒரு வாயும் விலைவாசி ஒரு வாயுமாகத் தின்றுவிட்டு மிச்சம் விட்டதற்கு ஏற்றாற்போலத்தான் வீடு வளர்ந்தது. சில மாதங்களில் ஒரு விரற்கடை ஏறும், மகளுக்குக் காய்ச்சல் வந்த மாதம் அதுவும் இறங்கிவிடும். வீடு அலமாரியை முட்டியபோது தரையில் இறக்கினார்கள். கட்டிலை முட்டியபோது கட்டிலை வெளியே போட்டார்கள். வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, “வாடகைக்கு விட்ட இடத்துல வீடு வளக்கக் கூடாது. நாய்கூட வச்சுக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல” என்றாள். ஆகவே டப்பாத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த மணல்வெளிக்கு அதைத் தூக்கிப் போனார்கள். அங்கே ஏற்கனவே வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களின் வீடுகள் கோழிக்கூடு அளவிலும் மாட்டுவண்டி அளவிலும் நின்றுகொண்டிருந்தன. வீட்டைக் கொண்டு வந்தவர்கள் தாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்த மெருகுக்காரிக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வருடங்கள் போயின. முதலில் வீடு, மகள் தவழ்ந்து உள்ளே போய் வரும் அளவுக்கு வந்தது. ஆனால் அவள் அதற்குள் தவழ்வதற்கு வெட்கப்படும் வயதாகியிருந்தாள். பிறகு மெருகுக்காரி குனிந்து போகும் அளவுக்கு வந்தது. சூளையார் அவளுடைய முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம், பிறகு தோள் உயரம் ஆனார். ஒவ்வொரு உயரத்திலும் அவருக்குச் சட்டை தைக்க வேண்டியிருந்தது. அவர் ஜன்னலில் நின்று கடலைப் பார்ப்பார், கிரேன்களைப் பார்ப்பார். “ஊரு நல்லா ஆயிடுச்சு. புகையே இல்ல. தண்ணியும் வந்திருக்கு” என்று ஒருநாள் திருப்தியாகச் சொன்னார். அவருக்கு விளக்கிச் சொல்லலாமா என்று மகன் வாயெடுத்தான். மருமகள் கண்ணைக் காட்டினாள். மகள் அக்கவுண்ட்ஸ் படித்து அதே டப்பாத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம், மூன்று சம்பளமும் சேர்ந்து, வீடு கடைசி ஒரு சாணையும் எட்டிப் பிடித்தது. அச்சுக்காரன் நிமிர்ந்து உள்ளே நடந்தான். அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தலை சரிக்குச் சரியாக இருந்தது.

“மாமா, இப்ப வெளியே வாங்க. ஒரே ஒரு தடவை படியை இறங்கிட்டு மறுபடி உள்ள போயிடுங்க” என்றாள் மெருகுக்காரி. அவர் சிரித்தார். “தாண்ட மாட்டேன்னு சொன்னேன்ல?” என்றார். மகன் கெஞ்சினான், பேத்தி கெஞ்சினாள், மெருகுக்காரியின் அக்காவும் வந்து கெஞ்சினாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு டீ கேட்டார். அவள் டம்ளரில் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். சொட்டுக் குழாயில் ஊற்றிய நாளிலிருந்து கொடுக்கும் டீதான், இப்போது ஒரு முழு டம்ளர் பிடித்தது. அதன் பிறகு மாதக் கடைசியில் தொழிற்சாலை வாசலைக் கடக்கும்போதெல்லாம், ஐஸ் லாரிகள் வழக்கம்போல நிற்கின்றனவா என்று அவள் பார்க்க ஆரம்பித்தாள்.

லாரிகள் குறைந்தன. கடலில் மீன் வேறு பக்கம் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள், டப்பாவில் மீன் தின்பவர்கள் வேறு எதையோ தின்னப் பழகிவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். இரவு ஷிப்டை நிறுத்திய மறுநாள் காலை, மெருகுக்காரி டீ எடுத்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தபோது நெற்றி நிலையில் ‘ணங்’ என்று இடித்தது. டீ கொஞ்சம் சிந்திற்று. அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சூளையார் கட்டிலில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பழைய தெருவில் ஒரு காலையில் வரிசையாகக் கேட்ட சத்தம் அது. “மறுபடியுமா?” என்றார். “மறுபடியும்தான் மாமா.” அவர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவளுக்கும் தலை நரைத்திருந்தது, மீன் வெட்டிய விரல்களில் தழும்பு இருந்தது. அவர் எழுந்து சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார், காலி டம்ளரை ஒரு கையில் எடுத்துக்கொண்டார், வாசல்படியைத் தாண்டி மணலில் இறங்கினார்.

அச்சுக்காரன் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான். “அப்பா! தாண்ட மாட்டேன்னு சொன்னீங்களே?” “சொன்னேன். அதுக்காக?” என்றார் அவர். “எத்தனை தடவைடா உன் பொண்டாட்டி என்னை மடியில வச்சுத் தூக்கிட்டுப் போவா?” ஊர் மாறிவிட்டது அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். முழு உயரத்துக்கு ஒரு விரற்கடை குறைவாக இருந்தார், அவ்வளவுதான். அந்த வயதில் அது எல்லாருக்கும் குறைகிறதுதான் என்று பிற்பாடு அக்கா சொன்னாள். “இந்த ஊர்ல வைக்கோல் எங்க கிடைக்கும்?” என்று அவர் கேட்டார்.

மணல்வெளியின் அந்தப் பக்கம் ஒரு மாட்டுக்காரர் வைத்திருந்தார். சூளையாரே நடந்து போய்ப் பேரம் பேசி, ஒரு கட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அதைப் பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அதன் பிறகு, வெளியே போய்வரும் பொருள் சுருங்காது என்ற கணக்கில், தினமும் காலையில் அந்தக் குடும்பம் கட்டிலையும் பானையையும் கண்ணாடியையும் வெளியே தூக்கி வந்து மணலில் வைத்து, ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டு, மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தது. சூளையார் கடிகாரத்தை அக்குளில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசல்வரை போய்வருவார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இந்தப் பழக்கம் பரவிற்று. புதிதாக வருகிறவர்கள் அந்த நேரத்தில் வந்தால், சாமான்கள் எல்லாம் வெளியே கிடப்பதைப் பார்த்து, “என்ன, காலி பண்றீங்களா?” என்று கேட்பார்கள். “இல்ல, இன்னும் இல்ல” என்று மெருகுக்காரி பதில் சொல்லிவிட்டுக் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடிப்பாள். மறுபக்கத்தை மாமனார் பிடிப்பார். இரண்டு பேரும் குனிந்து உள்ளே போவார்கள்.